இருவாட்சியும் கல்பாசியும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மளிகைக் கடைகளில் கறிமசாலைக்குக் கல்பாசி வாங்குகிறோம். காய்ந்த சருகு போலிருக்கும் அது பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளர்வது. மலாய்க்காரர்கள் 'எங்காங்' என்று அழைக்கும் இருவாட்சியோ காட்டுப் பறவை. சரவாக் மாநிலச் சின்னத்தில் இருக்கிறது. தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் இவ்விரண்டில் எதைப் போல வாழ்கிறோம்? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இருவாட்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. பழைய பெருமரத்தில் தானாக உண்டான பொந்தைத் தேடிப் பெண் பறவை உள்ளே போகும். மண்ணாலும் எச்சத்தாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு இடுக்கு வழியாக ஆண் பறவை இரை ஊட்டும். ஏறக்குறைய மூன்று மாதம் இப்படி. அந்த நேரத்தில் மரம் சாய்ந்தால் குடும்பமே போச்சு.

நம் கதையும் அதுதானே? வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்பு நகரம் வந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. பால் வெட்டியவர்கள் பலர் புறம்போக்குக்குப் போனார்கள்.

"நாம கல்பாசி மாதிரி, எங்க ஒட்டினாலும் பொழச்சுக்குவோம்" என்பார்கள் நம்மவர்கள். இது பாதி உண்மை. அந்த இனம் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். நகரப் புகையில் பெரும்பாலான வகைகள் கருகிவிடும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பாறையையே உடைத்துவிட்டால் என்ன செய்யும்? பத்துமலைக் குன்றில் 1980களின் தொடக்கம் வரை கல் உடைத்தார்களே!

கல்பாசியின் உண்மையான பலம் வேறு. அது காளானும் பாசியும் சேர்ந்த கூட்டு. காளான் வீடாக இருந்து ஈரத்தைக் காக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. வெறும் பாறையில் அவை பிழைப்பது இந்தக் கூட்டினால்தான். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் இதே வழிதான். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய வெள்ளி தோட்டங்களையே வாங்கியது.

ஆகவே, இன்னும் லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வேலை ஓயும் நாளில் வீடு தேடாதீர்கள்; பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய மாதமே வீட்டுக்கென்று சேருங்கள். தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்தால், ஆளுக்கொரு பக்கம் கையெழுத்துப் போடாமல் தொழிற்சங்கத்தோடு கூடிப் பேசுங்கள். மாற்று வீட்டை எழுத்தில் வாங்காமல் லயத்துச் சாவியைக் கொடுக்காதீர்கள்.