விருதுபட்டிக்குக் கிடைத்தது, அருப்புக்கோட்டைக்கு மறுக்கப்பட்டது

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை வேண்டாமென்று தமிழ்நாட்டு சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டதாக மத்திய ரயில்வே மந்திரி சென்னையில் சொன்னதும், அப்படி எழுதவே இல்லையென்று மாநிலப் போக்குவரத்து மந்திரி மறுத்ததும், இரைச்சலுக்கிடையே கேள்வி தனுஷ்கோடிப் பாதையைப் பற்றியதென்று எண்ணிப் பதில் சொல்லப்பட்டதாகப் பிற்பாடு விளக்கம் வந்ததும் எல்லோரும் அறிந்த சங்கதிகள். விளக்கத்தோடு விவகாரம் தீர்ந்ததென்று டில்லியிலும் சென்னையிலும் நினைக்கக்கூடும். ஆனால் திட்டம் கைவிடப்பட்டதென்ற செய்தியை இந்தப் பிரதேசத்து ஜனங்கள் கேட்ட மாத்திரத்தில் நம்பினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விசனமாக இருக்கிறது. நம்பாமலிருப்பதற்குச் சரித்திரம் அவர்களுக்கு ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

அந்தச் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று பழைய ராமநாதபுரச் சீமையிலும் அதன் எல்லையிலும் வியாபாரத்தால் பேரெடுத்த ஊர்கள் ஆறு. ஆறிலும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் அதே நிலம், அதே பருத்தி, அதே பேட்டை, அதே மகமை. முயற்சியிலும் சிக்கனத்திலும் ஓர் ஊர்க்காரர் மற்றோர் ஊர்க்காரருக்கு இளைத்தவர் அல்லர். 1876 ஜனவரியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை திறக்கப்பட்டபோது, அது திருமங்கலம், விருதுபட்டி, சாத்தூர் என்று போய்க் கிழக்கே இருந்த அருப்புக்கோட்டையைத் தொடாமல் விட்டது. சிவகாசிக்கு 1927இல் தென்காசிப் பாதை வந்து சேர்ந்தது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1963இல். அது மானாமதுரை வரை நீண்டு திருச்சுழியையும் நரிக்குடியையும் தொட்டது 1964இல். விருதுபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவிலுள்ள சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தைக் கடப்பதற்கு ரயிலுக்கு 87 வருஷங்கள் பிடித்தன.

இந்த எண்பத்தேழு வருஷத்தை நான் இதற்கு முன்னும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். இந்த வானம் பார்த்த பூமியின் பொருளாதார சாஸ்திரம் முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். அந்தக் காலத்தில்தான் விருதுபட்டி 1923இல் விருதுநகர் என்று நாமகரணம் பெற்று, எண்ணெய்க்கும் பருப்புக்கும் மிளகாய் வற்றலுக்கும் தென்னாடு முழுவதற்கும் விலை சொல்லும் சந்தையாக உயர்ந்தது; அதன் விலை நிலவரத்தைப் பத்திரிகைகள் இன்றும் அச்சிடுகின்றன. அருப்புக்கோட்டைப் பேட்டையிலிருந்த வியாபாரியோ, பொதியை மாட்டு வண்டியில் ஏற்றி, இராத்திரி முழுதும் நடந்து, விருதுபட்டி ஸ்டேஷனில் இறக்கி, அங்குள்ள கமிஷன் மண்டிக்குத் தன் லாபத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரே குணமும் ஒரே நிலமும் உடைய இரண்டு ஊர்களில் ஒன்று ஜில்லாவின் தலைநகராகவும் மற்றொன்று தாலுகா நகரமாகவும் ஆனதற்கு இருப்புப் பாதையைத் தவிர வேறு ஹேது எதையும் நான் ஒப்பமாட்டேன்.

வரும்படி போதாது என்பது அதிகாரிகளின் நிரந்தரமான ஆட்சேபம். ஆனால் 1849இல் முதல் ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் எழுதியபோது, வண்டி நஷ்டத்தில் ஓடினாலும் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயமென்று லண்டன் முதலாளிகளுக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்டது. குறை விழுந்த பணத்தை நிரப்பியது இந்திய ரயத்தின் வரி. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் 1880இல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன்கூட, வறட்சிக்கு இலக்காகும் பிரதேசங்களுக்கு லாப நஷ்டம் பாராமல் பாதுகாப்புப் பாதைகள் போட வேண்டுமென்றது. அந்நியன் ஒப்புக்கொண்ட ஒரு தர்மத்தைச் சுதந்திர சர்க்கார் மறுப்பது எவ்விதத்தில் நியாயம்? விருதுநகரையும் ராமநாதபுரத்தையும் பின்தங்கிய ஜில்லாக்களாகத் தேர்ந்து ஜாபிதாவில் சேர்த்தது இதே மத்திய சர்க்கார்தானே? பின்தங்கியவனிடம் போய், முதலில் போக்குவரத்தைக் காட்டு, பிறகு பாதை தருகிறோம் என்று சொல்வது அக்கிரமம்.

பழைய பாதையே இரட்டைப் பாதையாகிவிட்டதே, பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவர்கள் தேசப்படத்தைப் பார்க்காதவர்கள். இந்தப் பாதை மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வேண்டியதன்று. இரண்டுக்கும் நடுவே காரியாபட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் விளாத்திகுளத்திலும் இருக்கிறவர்களுக்கு வேண்டியது. 1951இல் இத்தேசத்தின் ரயில் பாதை சுமார் 53,600 கிலோமீட்டர். இன்று சுமார் 69,000. எழுபது வருஷங்களுக்கு மேலாகப் பிரயாசை பெரும்பாலும் அகலப் பாதைக்கும் இரட்டைப் பாதைக்கும் மின்மயத்துக்குமே போயிற்று. அதாவது, பாதை உள்ளவனுக்கே மேலும் மேலும் கொடுக்கப்பட்டது.

நிலம் கிடைக்கவில்லை என்ற வாதம் இன்னும் மோசம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகவே தூத்துக்குடிக்கு நான்கு வழிச் சாலை போட நிலம் கிடைத்தது. எலியார்பத்தியிலும் புதூர்ப்பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடி கட்ட நிலம் கிடைத்தது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இதே பூமி தண்டவாளத்துக்கு மட்டும் அகப்படாது என்பதை நம்பச் சொல்கிறார்கள்!

143.5 கிலோமீட்டர் நீளமுள்ள இத்திட்டம் 2011–12 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி பெற்றது. தூத்துக்குடிப் பக்கத்து மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை முடிந்திருப்பது 18 கிலோமீட்டர். மேலமருதூரில் அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரிக்கு அவசரமாகக் கிடைத்தது மனுஷருக்குக் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. விடியற்காலையில் அருப்புக்கோட்டைப் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால், நெசவுக்காரர் வீட்டுச் சேலைக் கட்டுகளும், ஈரச் சாக்கு போர்த்திய மல்லிகைக் கூடைகளும், அவற்றுக்கு நடுவே துணிப்பையோடு திருப்பூருக்குப் புறப்படும் திருச்சுழிப் பக்கத்து வாலிபர்களும் தெரிவார்கள். ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழிக்குச் சென்னையிலிருந்து தினசரி வண்டி ஒன்றுகூட இல்லை. சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது. மதுரை–தூத்துக்குடிப் பாதை அன்றே முடிந்திருந்தால் அந்த வாலிபர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டார்கள்.

பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டருக்கு அதிவேகப் பாதை போட லட்சம் கோடிக்கு மேல் செலவிடத் துணிந்த சர்க்கார், பெப்ரவரி முதல் தேதி பட்ஜெட்டில் மேலமருதூரிலிருந்து விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை வரை மிச்சமுள்ள வேலைக்கு முழுத் தொகையையும், முடிக்கும் வருஷத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ராஜ்ய சர்க்கார் அதே மாதத்தில் நிலம் எடுக்கும் அதிகாரிகளை நியமிக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்வரை தேசத்தின் வேறெந்த மூலையிலும் புதிய பாதை ஒன்றைப் பிரகடனம் செய்ய ரயில்வே இலாகாவுக்கு உரிமை கிடையாது.