உணவும் உறைக்குறிப்பும்

தேனி மாவட்டத்தின் மேற்கே, ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். ஊரைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து போடிமெட்டுக்கு ஏறும். அதற்கப்பால் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கும். பொழுது புலருமுன் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப்பு வண்டிகளில் ஏறி, மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்டிர் இவ்வூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பலர். செடியின் அடியில் குனிந்து, முதிர்ந்த காயை மட்டும் பார்த்துப் பறிப்பது அவர்கள் தொழில். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். உலர்ந்த காயைச் சல்லடையிலிட்டுப் பருமன் வாரியாகப் பிரிப்பர். வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பெண்கள் கையால் பொறுக்கி நீக்குவர். அதன்பின் காய் ஏலத்துக்குச் செல்லும். பருமனும் நிறமும் எடையும் அறியாமல் அங்கே ஒருவரும் விலை கூறார்.

விற்கும் பொருளில் இத்துணைக் கருத்தாக இருக்கும் மக்கள், வாங்கி உண்ணும் பொருளில் அவ்வாறு இருக்கின்றனரா? மாலையில் மலையிலிருந்து இறங்கும் தாய் தன் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்குகிறாள். மேலுறையில் பச்சை ஏலக்காயின் படம் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில், அதில் சேர்ந்த பொருள்களின் பட்டியல் உள்ளது. எடையில் மிகுதியானதை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் எழுதவேண்டும் என்பது சட்டம். மைதா, சர்க்கரை, பனையெண்ணெய் என்று தொடங்கும் அப்பட்டியல், 'மணமூட்டி சேர்க்கப்பட்டது' என்று முடியும். ஏலக்காய் என்னும் பெயரே அதில் இல்லாத பொட்டலமும் உண்டு. ஏலக்காயைப் பறித்த கையே ஏலக்காய் இல்லாத ஏலக்காய்ப் பண்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறது!

உணவின் அளவு வேறு. அதிலுள்ள சத்து வேறு. வயிறு நிறைந்தும் உடல் நலிவதுண்டு என்பதைத் தமிழகத்து மலையூர் ஒன்றில் தொடங்கிய ஆய்வு விளக்கிற்று. நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் 1918-ஆம் ஆண்டில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயைப்பற்றி ஓர் அறையில் ஆராயத் தொடங்கினார். தவிடு நீங்கும்படி தீட்டிய பச்சரிசியையே மிகுதியாக உண்டவர்களிடம் அந்நோய் பெரிதும் காணப்பட்டது. தவிட்டோடு போவது தயமின் என்னும் உயிர்ச்சத்து. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கித் தங்குகிறது. ஆதலால் புழுங்கலரிசி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். குன்னூரில் தொடங்கிய அவ்வாய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனம் 2024-இல் மக்களுக்கு வகுத்த உணவு நெறிகள் 17. உறைக்குறிப்பைப் படித்து உணவைத் தேர்ந்துகொள்க என்பது அவற்றுள் கடைசி நெறி.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மொச்சைக்கும் முருங்கைக்கீரைக்கும் உறையுமில்லை, குறிப்புமில்லை. அவற்றுக்கு அது வேண்டுவதுமில்லை. பல பொருள்களைக் கலந்து, முகம் மறைத்து வரும் பண்டத்துக்கே குறிப்பு வேண்டும்.

அக்குறிப்பைப் படிக்கப் பெருங்கணக்கு வேண்டுவதில்லை. சத்துகளின் அளவு பெரும்பாலும் 100 கிராமுக்கு எனக் குறிக்கப்பட்டிருக்கும். சர்க்கரை 25 கிராம் என்றிருந்து, பொட்டலம் 80 கிராம் எடையாயின், அதை முழுதும் தின்ற சிறுவன் உட்கொண்டது 20 கிராம். அஃதாவது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை. உப்போ சோடியம் என்னும் பெயரில் ஒளிந்திருக்கும். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் உப்பு இரண்டரைக் கிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாதி ஒரு பொட்டலத்திலேயே முடிந்தால், குழம்புக்கும் கஞ்சிக்கும் எஞ்சுவது எவ்வளவு?

இவ்வளவையும் அத்தாய் எவ்வாறு அறிவாள்? 2020-ஆம் ஆண்டின் உறைக்குறிப்பு விதிகளின்படி, விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகளைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை; கட்டாயமும் இல்லை. தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாடு 2016-இல் வேறு வழி கண்டது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பை மீறிய பண்டத்தின் முகப்பிலேயே கரிய எண்கோணக் குறியை அது பொறிக்கச் செய்தது. சிற்றெழுத்தைப் படிக்க இயலாதவரையும் அக்குறி எச்சரிக்கும். இந்தியாவில் முகப்பில் நட்சத்திரக்குறி இடுவதற்கான வரைவொன்றை 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. ஐந்தில் இரண்டு நட்சத்திரம் பெற்ற பண்டமும் ஏதோ பரிசு பெற்றதுபோல் தோன்றுமேயன்றி, யாரையும் எச்சரிக்காது. சிலியின் கருங்குறியே நேர்மையானது.

தமிழ்நாட்டில் விற்கும் பண்டங்களுக்குத் தமிழில் விளம்பரம் செய்ய நிறுவனங்கள் சோம்புவதில்லை. சுவரெங்கும் தமிழ், தொலைக்காட்சியெங்கும் தமிழ். அத்தமிழ் பொட்டலத்தின் பின்புறம் வரும்போது மட்டும் இடம் போதவில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. தமிழ்க் குறிப்பைக் கட்டாயமாக்கும்படி அரசினரைக் கேட்பது முறையே. அதுவரையில் ஆங்கிலம் கற்கும் மாணவர் பலர் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் இருக்கின்றனர். மலையிலிருந்து இறங்கிவரும் தாயோடு கடைக்குச் சென்று, காசு கொடுக்கும் முன் பொட்டலத்தைத் திருப்பி, பட்டியலின் முதல் மூன்று பெயர்களையும் சர்க்கரை, சோடியம் இவற்றின் அளவையும் உரக்கத் தமிழில் படித்துச் சொல்ல அவர்களால் இயலும்.