சரித்திரத்துக்கு ஒரு கல் நடுக
தாம்பரம் மாநகராட்சி மேயர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றுகூட்டி 2021இல் அமைந்த தங்கள் மாநகராட்சியின் எல்லைக்குள், ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர்களாக இருந்த நாளிலேயே நெடிய சரித்திரத்தைத் தாங்கி நின்ற ஸ்தலங்கள் பல இருக்கின்றன. அவற்றின் பெருமையை அங்கே குடியிருக்கும் மகாஜனங்களுக்கு உணர்த்த வேண்டும் என்பதே இம்மடலின் நோக்கம்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைத்திடலில் சரளை தோண்டிய குழியொன்றில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், மனிதன் கையால் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்றாக அறிஞருலகம் போற்றுவது அந்தக் கல்லையே. அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் ஆராய்ச்சியாளர் நிறுவியபோது, பல்லாவரத்தில் தொடங்கிய ஒரு தேடலே புதிய சிகரத்தை எட்டியது.

பல்லாவரத்துக் குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில், அவனுடைய விருதுப் பெயர்கள் பொறித்த தூண்களோடு, இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயத்தின் பின்புறம் சென்று நின்றால், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்த கருவறைச் சுவர் சோழர் காலத்துத் தூங்கானை மாடத்தைக் காட்டும். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்காக நிறுவிய மருத்துவமனையோ, ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் நாள்தோறும் ஒலிக்கிறது.

ஆனால், இச்சரித்திரம் நம் மக்களுக்கு எந்த வடிவில் அறிமுகமாகிறது? சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என எச்சரிக்கும் நீலப் பலகையாகவும், பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் எழுப்பலாகாது என்னும் சட்டமாகவுமே பெரும்பாலும் அறிமுகமாகிறது. பல்லாவரத்தில் ஒரு மாடி கட்ட அனுமதி கிடைக்காமல் அலையும் குடும்பத்துக்கு, தங்கள் காலடி மண்ணில் பெருங்கற்கால மக்கள் தம் முன்னோரைச் சுடுமண் ஈமப்பேழையில் இட்டுப் புதைத்தனர் என்பதை எடுத்துரைப்பார் இல்லை. காரணம் சொல்லாத தடை வெறுப்பையே வளர்க்கும். பெருமையை உணர்ந்தவனோ காவலன் இன்றியும் காப்பான்.

ஆதலால், இத்தகைய ஸ்தலம் ஒவ்வொன்றிலும், பாதசாரி நின்று படிக்கத்தக்க உயரத்தில், நல்ல தமிழில் ஒரு கல்வெட்டு நிறுவ வேண்டுகிறேன். எவர், எப்போது, எதைச் செய்தார் அல்லது கண்டார், அதனால் உலகம் அறிந்தது என்ன என்பன அதில் இருத்தல் வேண்டும்; செவிவழிக் கதை கதையாகவும், சான்று சான்றாகவும் பிரித்துக் கூறப்படல் வேண்டும். தொல்லியல் துறையினரும், 1937 முதல் கிழக்குத் தாம்பரத்தில் விளங்கும் கிறித்துவக் கல்லூரியின் சரித்திர ஆசிரியர்களும் வாசகத்தைச் சரிபார்த்துத் தரலாம். இறந்த பெரியோர் வாழ்ந்த வீடுகளுக்கு லண்டன் மாநகரில் 1860களிலேயே இத்தகைய பலகைகளைப் பதிக்கத் தொடங்கிவிட்டனர். அதனினும் பன்மடங்கு தொன்மையான சரித்திரம் உடைய நாம் இனியும் தாமதிப்பது தகாது.

வரும் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கெனச் சிறுதொகை ஒதுக்கி, முதற் கல்லைப் பல்லாவரத்தில் நட்டு, அதை வாசிக்கும் முதல் உரிமையை அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிப்பீர்களாக.

தங்கள் உண்மையுள்ள,
பல்லாவரத்துக் குடிமகன் ஒருவன்