ஜெல்லிக்கு ரத்தக்குழாய் கிடையாது

1/ வீட்டில் உருக்கி வார்த்த ஈயக் குண்டை ஜெல்லிக் கட்டியில் சுட்டு, "இவ்ளோ ஆழம் போச்சு, காளான் மாதிரி விரிஞ்சுது"ன்னு ஸ்கேல் வைத்துக் காட்டும் வெளிநாட்டு வீடியோக்கள். கீழே நம்ம ஊர் பசங்களின் "மாஸ்", "வேற லெவல்". டாக்டரா சில விஷயம் சொல்லணும். நீளமான த்ரெட்.

2/ அந்த 10% ஜெலட்டின் சோதனையைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் ஃபாக்லர். அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர். நோக்கம் ஒன்றுதான்: காயத்தைப் புரிந்துகொண்டு சரியாக வைத்தியம் பார்ப்பது. அதைத்தான் இப்போ பொழுதுபோக்கா மாத்தி வெச்சிருக்கோம்.

3/ ஜெல்லியில் எலும்பு இல்லை, குடல் இல்லை, ரத்தக்குழாய் இல்லை. மென்மையான ஈயம் எலும்பில் பட்டால் நசுங்கும், உடையும், திசை மாறும். தோலில் சின்ன ஓட்டை, உள்ளே எத்தனை துண்டு என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

4/ விரியும் குண்டு ஒன்றும் புதுசு இல்லை. 1890களில் கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச்சாலையில் பிரிட்டிஷார் செய்ததுதான். 1899 ஹேக் மாநாட்டில் போருக்கே அது கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். நாம லைக் போடுறோம்.

5/ இப்போ ஜமுனாமரத்தூருக்கு வாங்க. ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கி ரகசியமே இல்லை. "பன்னிக்குத்தான் சார், சும்மா ரவைதானே" என்பார்கள். இருட்டில் புதர் அசைந்தால் பன்றியா பக்கத்து வீட்டுக்காரரா என்று ரவைக்குத் தெரியாது. அடிபட்டவரை மலை இறக்கி திருவண்ணாமலைக்கோ அடுக்கம்பாறைக்கோ கொண்டுபோவதற்குள் எவ்வளவு ரத்தம் போகும்?

6/ பிழைத்தாலும் கதை முடியாது. தசையில் தங்கிய ஈயத்தைப் பல நேரம் அப்படியே விட்டுவிடுவோம். மூட்டுக்குள் தங்கினால் எடுத்தே ஆகணும். மூட்டு நீரில் ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும்.

7/ கறியிலும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் குழம்போடு குழந்தையின் தட்டுக்கு வரும். அடுப்பில் ஈயம் உருக்கினால் கசடும் தூசியும் வீடெல்லாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு குழந்தையின் மூளைக்கு.

8/ சட்டம்? 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். "பழைய துப்பாக்கி, தாத்தா காலத்தது" என்பதெல்லாம் கோர்ட்டில் நிற்காது.

9/ அரசுக்கும் ஒரு கேள்வி. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விதி வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டினால் வனத்துறை சுடலாம், 1 கி.மீ.க்குள் பிடிக்கவும் கூடாது. மலைக் கிராமத்துக்குக் காடுதான் வேலி. சாமை போன விவசாயிக்கு இந்த விதியால் என்ன லாபம்? இழப்பீடு சீக்கிரம் கொடுங்க, வேலி போட்டுக் கொடுங்க. ரெய்டு மட்டும் போட்டால் துப்பாக்கி புதருக்குள் போகும், அவ்வளவுதான்.

10/ துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்களுக்கு: போலீஸ் ஒப்படைக்கச் சொல்லும்போது ஊர்ப் பெரியவரை முன்னால் வைத்துக் கொடுத்துடுங்க. வீடியோ பார்க்கும் தம்பிகளுக்கு: ஜெல்லி ஆடுவதைப் பார்த்துக் கைதட்டுறீங்க. அதே ஆட்டம் ஈரலில் நடந்தால் தைக்க இடம் இருக்காது. தைக்கிறவன் சொல்றேன்.