வலிக்காத கட்டியும் காட்ட வேண்டியதே

காலில் முள் தைப்பது முள்ளுக்குறிச்சியாருக்குப் புதிதன்று. ஊர்ப்பெயரிலேயே முள் இருக்கிறது. மரவள்ளிக் காட்டிலும் மலையடிவாரத் தடங்களிலும் வெறுங்காலுடன் நடப்போர் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வர். பெரும்பாலும் அதனால் கேடில்லை. எனினும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிரிகள் அச்சிறு துளை வழியே உட்புகுந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பாதத்தில் கட்டியாகத் தலைகாட்டுகின்றன.

அவற்றுள் ஒன்று ஆக்டினோமதுரா என்னும் பாக்டீரியாப் பேரினம். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு வளர்வது. பெயரிலுள்ள ‘மதுரா’ நம் மதுரையே. 1842இல் அங்கே கில் என்ற மருத்துவர் இந்நோயை விவரித்தார். ‘மதுராக் கால்’ என்னும் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. ஊருக்கு இது அநியாயந்தான். சூடானிலும் மெக்சிகோவிலும்கூட உழவரையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாக ஏற்றது 2016இல்தான்.

இதன் வஞ்சகம், தொடக்கத்தில் வலிக்காமையே. ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டார் சொல்வதை இக்கட்டியின் வகையில் நாங்கள் ஏற்பதற்கில்லை. காத்திருக்கையில் கட்டி பரவும், துளைகள் தோன்றிச் சீழோடு குருணை போன்ற மணிகள் வெளிவரும், எலும்பும் அரிக்கப்படும். காலையே எடுக்க நேர்வதும் உண்டு.

அம்மணிகளைத் துடைத்தெறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருமணியாயின் பூஞ்சை; வெண்மையோ செம்மையோ ஆயின் பாக்டீரியாவாக இருக்கலாம். நிறம் மட்டும் போதாது, ஆய்வகச் சோதனை வேண்டும். ஏனெனில் இரண்டுக்கும் மருந்து வேறு. பாக்டீரியா என்றால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளாலேயே பெரும்பாலும் கால் தப்பும். பூஞ்சையாயின் அறுவையும் தேவைப்படலாம். எதுவென அறியுமுன் கட்டியைக் கீறுவதையும், மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை விழுங்குவதையும் நாங்கள் வன்மையாக மறுக்கிறோம்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளிக்குத் தனித்தட்டும் தனிப்பாயும் வேண்டா. ஆனால் மருந்து பல மாதம் நீளும். புண் ஆறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தினால் நோய் உள்ளே தங்கி மீண்டும் கிளம்பும். கூலியை இழந்து மாதந்தோறும் மருத்துவமனைக்கு வருவதன் சுமையை அறிவோம். வர இயலாத வாரமெனில் முன்னரே சொல்லுங்கள். மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.