டீசல் காரின் தொண்டையில் கரி! வீட்டிலேயே எடுக்கலாமா?

கார் பழையபடி இழுக்கவில்லை. மேட்டில் ஏறத் திணறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை கிளம்புகிறது. டீசல் செலவும் கூடிவிட்டது.

டீசல் கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் புதிது அல்ல. "மேனிபோல்டில் கரி அடைத்திருக்கும். நீங்களே கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!" என்று யாராவது யோசனை சொல்லுவார்கள்.

செய்யலாமா? செய்யலாம். ஆனால் எல்லா காரிலும் அல்ல, எல்லோரும் அல்ல. அதோடு, சுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு சில பட்டறைகளில் நடக்கும் ஒரு காரியம் இருக்கிறது. அதை யாரும் செய்யக் கூடாது!

கரி எங்கிருந்து வந்தது?

எஞ்சின் டீசலை மட்டும் குடித்து ஓடுவது இல்லை. அதற்குக் காற்றும் வேண்டும். காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்க்கு "இன்டேக் மேனிபோல்டு" என்று பெயர். ஒரு குழாயாகத் தொடங்கி, சிலிண்டருக்கு ஒரு கிளையாகப் பிரியும். இதுதான் காரின் தொண்டை.

ஏர் பில்டர் வடிகட்டிய சுத்தமான காற்று அல்லவா உள்ளே போகிறது? அப்படியானால் தொண்டையில் கரி எப்படி வரும்? நியாயமான கேள்விதான்.

சமையல் அறையில் புகையை வெளியே தள்ளும் மின்விசிறியைப் பாருங்கள். அதன் இறக்கைகளில் கறுப்பாக, பிசுபிசு என்று ஒரு பூச்சு இருக்கும். வெறும் தூசியாக இருந்தால் துடைத்ததும் போய்விடும். தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி முதலில் ஒட்டுகிறது. அதன் மேல் தூசி ஒட்டுகிறது. அதனால்தான் சுரண்டினாலும் போக மறுக்கிறது.

காரிலும் இதே கதைதான். எஞ்சினின் அடியில் சூடான ஆயில் இருக்கிறது. அதிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல், காற்றுக் குழாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள். இது எண்ணெய். இனி தூசி வேண்டுமே! அதைத் தருவது "இ.ஜி.ஆர்." என்ற வால்வு. எஞ்சின் கக்கும் புகையில் ஒரு பகுதியைப் பிடித்து, இது மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறது. புகையில் இருக்கும் கரித்தூள் ஆயில் பிசுக்கில் ஒட்டுகிறது. நாளாக ஆக, தார் போல இறுகிவிடுகிறது. விரல் நுழையும் வழி, பென்சில் நுழையும் வழியாகக் குறுகிவிடும்!

புகையை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? எஞ்சினை உண்டாக்கிய மகான்களுக்குப் பைத்தியமா?

பைத்தியம் இல்லை. ஜெர்மனி நாட்டு எஞ்சினீயர் ருடால்ப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், நெருப்புப் பொறி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடாக்குவார்கள். சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால், தானே பற்றிக்கொள்ளும். பற்றியதும் சூடு இன்னும் பல மடங்கு ஏறும். காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். சும்மா இருக்கும் அந்த நைட்ரஜன், அவ்வளவு சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சுக் காற்றாக மாறுகிறது. இதற்கு நைட்ரஜன் ஆக்சைடு என்று பெயர். நுரையீரலைக் கெடுக்கும். வெயில் பட்டால், வேறு புகைகளோடு சேர்ந்து ஓசோன் என்ற இன்னொரு நஞ்சையும் உண்டாக்கும். அது மனிதனுக்கும் ஆகாது, பயிருக்கும் ஆகாது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ராஜபாளையத்துக்கு வெயிலுக்கா பஞ்சம்?

எரிந்து முடிந்த புகையைக் கொஞ்சம் கலந்தால், எரியும் சூடு குறைகிறது. நச்சுக் காற்றும் குறைகிறது. இதற்காகத்தான் இ.ஜி.ஆர்.

12 கிலோமீட்டர் ஓட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். காலையில் மில்லுக்கோ கடைக்கோ போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். நடுவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பஸ் நிலையத்துக்குப் போவதும் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடு ஏறி நிதானத்துக்கு வருவதற்குள், ஊர் வந்துவிடுகிறது! மெதுவான ஓட்டம், ஆறிய எஞ்சின், அடிக்கடி நிறுத்தம். கரி படிவதற்கு இதைவிட வசதி வேறு இல்லை. மதுரைக்கும் தென்காசிக்கும் தினமும் ஓடும் வாடகைக் காரில் இவ்வளவு சீக்கிரம் அடைக்காது.

வாரம் ஒரு தடவை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால், புதிதாகக் கரி படிவது குறையும். ஏற்கெனவே இறுகிய கரி அதனால் கரைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கம்பெனி சொன்ன ஆயிலை, சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். டீசலில் ஊற்றும் மருந்து பாட்டில்களும் கடையில் கிடைக்கின்றன. டீசல் மேனிபோல்டு வழியாகப் போவதே இல்லை; நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. டாங்கில் ஊற்றிய மருந்து தொண்டைக் கரியை எப்படித் தொடும்? அந்தக் காசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்!

கை வைக்கும் முன்...

இழுக்கவில்லை என்றதும் ஸ்பானரைத் தூக்கக் கூடாது. ஏர் பில்டர் அடைத்தாலும் கார் இழுக்காது. டர்போவில் இருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் கரும்புகை வரும். இவை இரண்டையும் பார்க்கச் செலவு இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்ற பாரத் ஸ்டேஜ் 6 கார்களில் வீட்டு வைத்தியம் வேண்டாம். உணர்கருவிகள் அதிகம்; கம்பெனி உத்தரவாதமும் போய்விடும். சில எஞ்சின்களில் மேனிபோல்டு எஞ்சினோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற வராது. இன்னும் சிலவற்றில், அதன் மேலே டீசல் போகும் இரும்புக் குழாய்கள் ஓடும். அதற்குள் இருக்கும் அழுத்தம் லாரி டயரில் இருப்பதைப் போல 100 மடங்குக்கும் மேல். எஞ்சின் ஓடும்போது அதில் மயிரிழை திறந்தாலும், டீசல் ஊசி போலப் பாய்ந்து தோலைத் துளைத்துவிடும்! அந்தக் குழாயைத் தொட வேண்டிய கார் என்றால், பட்டறைக்கே விடுங்கள்.

மற்ற கார்களில், பொறுமையும் கருவியும் உள்ளவர் செய்யலாம்.

எஞ்சின் முழுதும் ஆற வேண்டும். பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம். எந்த போல்ட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் படம் போட்டு, அதிலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டை போல்ட்டின் ஓட்டையில் முடுக்கி, எஞ்சினைப் பிளந்தவர்கள் உண்டு.

மேனிபோல்டு வெளியே வந்ததும், எஞ்சின் பக்கத்து ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். எத்தனை துணி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் பஞ்சை எண்ணுகிறாரே, அது போல! ஒரு சிறு கரிக்கட்டி உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும்.

அலுமினிய மேனிபோல்டு என்றால், டீசலில் இரவு முழுவதும் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டலாம். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடாவைப் போடாதீர்கள். அது அலுமினியத்தையே தின்னும். அப்போது எழும் ஹைட்ரஜன் வாயு பற்றி எரியும். பிளாஸ்டிக் மேனிபோல்டை ஸ்டவ்வில் காட்டக் கூடாது. மின்சாரத்தில் வேலை செய்யும் இ.ஜி.ஆர். வால்வை முழுதாக ஊறவைத்தால், அதோடு அதற்கு ஆயுள் முடிந்தது. கரி படிந்த வாயை மட்டும் துடைக்க வேண்டும்.

மாட்டும்போது பழைய கேஸ்கட் ஆகாது, புதிது வேண்டும். நடுவில் இருந்து ஓரத்துக்கு, கம்பெனிக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு டீசல்கூடத் தங்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பெட்ரோல் எஞ்சினில் சாவியைத் திருப்பினால் பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாதே! காற்றுக் குழாயில் எரியும் பொருள் எது வந்தாலும், அதை டீசலாக நினைத்து எஞ்சின் ஓடும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. அலறிக்கொண்டு வேகம் ஏறி, உடையும்வரை ஓடும். எரியாமல் மொத்தமாகத் தேங்கினால் இன்னொரு கேடு. காற்றை நசுக்கலாம், நீரை நசுக்க முடியாது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். அதனால், ஓடும் எஞ்சினின் காற்றுக் குழாயில் கண்டதையும் ஸ்பிரே அடிக்கும் வித்தையை வீட்டு வாசலில் காட்டவே கூடாது.

இன்னும் ஒன்று. அந்தக் கரி வெறும் அழுக்கு அல்ல. 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற டாக்டர், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார். சிறு பையனாகப் புகைபோக்கியில் இறங்கியவன், பெரியவன் ஆனபின் நோயில் விழுந்தான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று, 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் திட்டவட்டமாக அறிவித்தது. அப்படி இருக்க, வெறுங்கையால் கரியைச் சுரண்டி, கம்பரசர் காற்றால் ஊதுவது என்ன நியாயம்? பட்டறை முதலாளிகள் தங்களிடம் வேலை பழகும் பையன்களுக்கு ஒரு ஜோடி கையுறையும் ஒரு முகமூடியும் வாங்கித் தரக் கூடாதா? கரியை ஈரத்தோடுதான் எடுக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. கறுத்த டீசலைச் சாக்கடையில் கொட்டினால் அது கண்மாய்க்குப் போகும். பழைய ஆயில் சேர்க்கும் பட்டறைப் பீப்பாயில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தகடு அடிக்கிறார்கள்!

இவ்வளவு பாடு எதற்கு என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இ.ஜி.ஆர். குழாயின் நடுவே ஒரு சிறு இரும்புத் தகடு. அவ்வளவுதான்! புகை திரும்பி வராது. கரி படியாது. கார் இழுக்கும். தகட்டுக்குப் பெரிய செலவும் இல்லை.

கார்க்காரருக்கு லாபம்தான். பின்னால் கைக்குழந்தையோடு மொபெட்டில் வருகிறவருக்கு? புகை கொஞ்சம் குறைந்தே தெரியும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடோ பல மடங்கு ஏறும். தன் காரின் தொண்டையைக் காப்பாற்ற, ஊரார் தொண்டையில் நஞ்சை ஊற்றுவது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

பெரிய கம்பெனியே இந்தத் தப்பைச் செய்து மாட்டிக்கொண்டது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, வோக்ஸ்வேகன் கம்பெனியின் குட்டை உடைத்தது. அதன் டீசல் கார்களில் இருந்த கம்ப்யூட்டர், சோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளை போல் நடிக்கும். சாலைக்கு வந்ததும் மாசுத் தடுப்பைத் தளர்த்திவிடும். அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக, அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி அறிவித்தது. அங்கே கம்ப்யூட்டர் செய்ததை, இங்கே ஒரு துண்டுத் தகடு செய்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, 2019-ல் திருத்தப்பட்டது. மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால், முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் யார் பிடிப்பது? புகைச் சோதனை நிலையத்தில் டீசல் காருக்கு என்ன செய்கிறார்கள்? குழாயில் கருவியைச் செருகி, ஆக்சிலேட்டரை மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுக்கு நிறம் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது. தகடு அடித்த காரில் கறுப்பு குறைவு. அதனால் சுலபமாகத் தேறிவிடும். கஷ்டப்பட்டுக் கரியைச் சுரண்டி, இ.ஜி.ஆரை ஒழுங்காக மாட்டியவரின் காருக்கும் அதே சான்றிதழ்தான்!

டீசல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கும் சோதனை வேண்டும். அது வருவதற்கு முன்னால், பார்த்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. இ.ஜி.ஆர். குழாய் இணையும் இடத்தில் தகடு இருக்கிறதா என்று பானட்டைத் திறந்து பார்க்க, பழகிய கண்ணுக்குச் சில நிமிடம் போதும். தகுதிச் சான்றிதழுக்காக வாடகைக் கார்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரத்தானே செய்கின்றன? அங்கே இந்தச் சோதனையைத் தொடங்கலாம். சொந்தக் கார்களை, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும்போது பார்க்கலாம். அதுவரை, தகடு அடித்த காரும் அடிக்காத காரும் ஒரே சான்றிதழை ஒட்டிக்கொண்டு, மதுரை ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.