குழந்தையின் விதைநெல்

காவிரிப் பாசனத்தில் பிழைக்கும் எந்தக் குடியானவரும், வீட்டில் எவ்வளவு கஷ்டம் நேர்ந்தாலும், விதைநெல்லைக் குத்திச் சோறாக்கமாட்டார். பிள்ளைகளின் உயர்தரக் கல்வி விஷயத்தில் மட்டும் இந்த விவேகத்தைக் காணோம். பெண் பிறந்தால் நகைச்சீட்டுக் கட்டத் தொடங்குகிறோம். கலாசாலைச் செலவைப் பற்றிய யோசனையோ, பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவு வெளியான பிறகே உதயமாகிறது.

அந்தச் சமயம் எப்படிப்பட்டதென்று பாருங்கள். மேட்டூர் அணையைத் திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. நாற்றங்கால், உழவு, உரம், நடவுக்கூலி என்று குடியானவரின் கைப்பணம் கரைந்துபோகும் வாரங்களை ஒட்டியே கலாசாலைகளும் கதவைத் திறந்து சம்பளம் கேட்கின்றன. தை, மாசியில் வந்த சம்பாப் பணம் பழைய கடனுக்கும் கல்யாணத்திற்கும் போய்விட்டது. குறுவைப் பணம் புரட்டாசிக்கு முன் கைக்கு வராது. அதையும் நம்புவதற்கில்லை, 2024-ல் அணை திறந்ததே ஜூலை 28-ல்தான். ஆகவே நகை அடகுக்குப் போகிறது. அதுவும் போதாதபோது நிலம் போகிறது. "மகன் படிப்புச் செலவுக்காக" என்று எழுதிய அடமானப் பத்திரங்களை நமது வக்கீல் தொழிலில் நாமே படித்திருக்கிறோம். மகன் பட்டம் பெற்று வந்த பின்னரும் அந்நிலங்களுள் பல மீளவில்லை.

பணமுடை எத்தகைய அறிவையும் தடுக்கவல்லது. 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறி, அவ்வுதவியை இழந்தார். தகப்பனாரோ ஜவுளிக்கடைக் குமாஸ்தா. கும்பகோணத்துப் படிப்பு அத்துடன் நின்றது. அவருக்குப் பிற்பாடு கேம்பிரிட்ஜ் வழி திறந்தது. ராமானுஜன் அல்லாத பிள்ளைகளுக்கு யார் திறப்பார்?

மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் யோசனை குடியானவருக்குப் பொருந்தாது. அவருக்குப் பணம் மாதந்தோறும் வருவதில்லை, அறுவடைதோறும் வருகிறது. ஆகவே களத்து மேட்டிலேயே, விதைநெல்லை எடுத்து வைக்கும்போதே, குழந்தையின் பங்கையும் எடுத்துவிட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேர்ப்போம் என்பவர் ஒருநாளும் சேர்க்கமாட்டார்.

அதைச் சேர்க்க இடமும் உண்டு. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தபாலாபீசில் 2015-ல் ஏற்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருஷத்திற்கு ரூ.250 முதல் ரூ.1,50,000 வரை போடலாம். மாதந்தோறும் கட்டவேண்டிய நிர்ப்பந்தமில்லை. வட்டியைச் சர்க்கார் காலாண்டுதோறும் நிர்ணயிக்கிறது. 2024 ஜனவரியில் அது 8.2 சதவீதமாயிற்று. குழந்தை பிறந்தது முதல் அறுவடைதோறும் சேர்த்து வருஷம் ரூ.12,000 வீதம் 15 வருஷம் போட்டால், போட்டது ரூ.1,80,000. அந்த வட்டி மாறாதிருந்தால் 18-ம் வருஷத்தில் அது சுமார் நாலரை லட்சமாகும். பாதிக்கு மேற்படாத தொகையை அப்போதே கல்விக்கு எடுக்கலாம். கணக்கு முதிர்வதோ 21-ம் வருஷத்தில். ஆண் குழந்தைக்கு 15 வருஷத்தில் முதிரும் பொன்மகன் பொது வைப்பு நிதி உண்டு.

நிலமில்லாத கூலித் தொழிலாளி எதை எடுத்து வைப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேமிப்பு என்ற உபதேசத்தைச் சொல்லிச் சர்க்கார் தன் கடமையினின்று நழுவலாகாது. சர்க்கார் பள்ளிகளில் படித்துக் கலாசாலை சேர்வோருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. அவற்றை மனமார வரவேற்கிறோம். ஆனால் விடுதிச் செலவுக்கு அத்தொகை எம்மூலைக்கு? உபகாரச் சம்பளங்கள் சேர்க்கைக்கு முன்பே கையில் கிடைக்கவேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லை அளந்தவருக்கும் பணம் தாமதமின்றிச் சேரவேண்டும்.

இவை சர்க்காரின் பொறுப்பு. களத்து மேட்டில் ஒரு பங்கை ஒதுக்குவது நம் பொறுப்பு. வருகிற தை அறுவடையிலேயே அதைத் தொடங்குமாறு நம் ஜில்லாவின் தாய் தந்தையரை வேண்டிக்கொள்கிறோம். விதையைத் தின்றவன் மறு வருஷம் வயலைப் பார்த்து அழுவான். குழந்தையின் பங்கைத் தின்றவன் குழந்தையின் முகத்தைப் பார்த்து அழவேண்டியிருக்கும்.